தோன்றா எழுவாய்: அணுமின் 'வளர்ச்சி'ப் பட்டியலை முன்வைத்துச் சில குறிப்புகள்

போட்டித் தேர்வுகளுக்கான பொது அறிவு நூல் எதைப் புரட்டினாலும் அதில் ஒரு பட்டியல் தட்டுப்படும். இடப்பக்கம் நாடுகளின் பெயர். வலப்பக்கம் அணு உலைகளின் எண்ணிக்கை, மெகாவாட்டில் அவற்றின் திறன், அந்நாட்டு மொத்த மின்சாரத்தில் அணுமின்சாரத்தின் விழுக்காடு. தலைப்பு பெரும்பாலும் 'உலக நாடுகளில் அணுமின் வளர்ச்சி' என்பதாக இருக்கும். இப்பட்டியலை ஒரு பிரதியாகக் கொண்டு வாசித்துப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம். கவிதையும் நாவலும்தான் விமர்சனத்துக்குரியவை, புள்ளிவிவரம் வெறும் தகவல், அதில் போய் வாசிக்க என்ன இருக்கிறது என்கிற மனோபாவம் நம் சிறுபத்திரிகைச் சூழலில் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. ஒரு கவிதையைக் காட்டி யாருடைய நிலத்தையும் யாரும் கையகப்படுத்தியதில்லை. பட்டியலைக் காட்டித்தான் அது நடக்கிறது.

பொன்மலையில் ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வேளைகளில் சில வருஷங்களாகப் பொது அறிவுப் பாடம் சொல்லித்தருகிறேன். பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை. 'அணுமின் உற்பத்தியில் முதலிடம் பெறும் நாடு எது?' என்ற கேள்விக்கு ஒரு நூலின் விடை பிரான்ஸ். மற்றொரு நூலின் விடை அமெரிக்கா. "ரெண்டுல எது சார் கரெக்ட்டு? எதைப் போட்டா மார்க் வரும்?" என்று ஒரு பெண் கேட்டாள். இரண்டுமே சரி என்பதுதான் சங்கடம். ஈன்ற மின்சாரத்தின் அளவில் அமெரிக்கா முதலிடம். 94 உலைகள், சுமார் 97,000 மெகாவாட். விழுக்காட்டில் பிரான்ஸ், 57 உலைகளிலிருந்து நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 'வளர்ச்சி' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் கொண்டு, எங்கே வேகமாகக் கூடிக்கொண்டு போகிறது என்று கேட்டால் விடை சீனா. 1991 டிசம்பரில்தான் அங்கே முதல் உலை மின்தொடரில் இணைந்தது. 2020இல் உற்பத்தியில் பிரான்சைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் சீனாவின் மொத்த மின்சாரத்தில் அணுவின் பங்கு சுமார் 5 விழுக்காடுதான். விழுக்காட்டுப் பத்தியை மட்டும் பார்க்கிறவனுக்குச் சீனா ஒரு சோப்ளாங்கி நாடு.

1990களின் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. விழுக்காட்டில் பிரான்சோடு போட்டி போட்டது லிதுவேனியா. இக்னாலினா நிலையத்தில் சோவியத் காலத்தில் கட்டிய இரண்டே உலைகள். சிறிய நாடு, சோவியத் ஒன்றியம் உடைந்து தொழிற்சாலைகள் படுத்துவிட்டன, மொத்த மின்தேவை சரிந்துவிட்டது. உலை அப்படியே இருக்க, வகுக்கும் எண் சுருங்கிப்போய் விழுக்காடு எண்பதுக்கு மேல் ஏறியது. ஒரு நாட்டுப் பொருளாதாரத்தின் வீழ்ச்சியைப் பட்டியல் 'அணுமின் வளர்ச்சி' என்று பதிவுசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான நிபந்தனையாக அவ்விரண்டு உலைகளையும் மூடினார்கள். இரண்டாவது 2009 கடைசியில் நின்றது. முதலிடத்தில் இருந்த நாடு மறு வருஷப் பட்டியலில் பூஜ்யம்.

உலக அளவிலும் இதே கதைதான். 1996 வாக்கில் உலக மின்சாரத்தில் அணுவின் பங்கு சுமார் 17.5 விழுக்காடு. இப்போது 9ஐ ஒட்டி நிற்கிறது. பாதியாகக் குறைந்துவிட்டது எனலாம். அதேசமயம் 2024இல் உலக அணு உலைகள் ஈன்ற மின்சாரம் 2006ஆம் ஆண்டின் உச்சத்தைச் சற்றே தாண்டிவிட்டதாக உலக அணுசக்திச் சங்கம் கணக்குக் காட்டுகிறது. இரண்டு வாக்கியங்களும் உண்மை. அணுமின்சாரம் வரலாறு காணாத உச்சத்தில் இருக்கிறது. அணுமின்சாரம் முப்பது ஆண்டுகளாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. எந்தப் பத்தியை முன்னால் நகர்த்துவது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது, எண்ணின் கையில் இல்லை.

'நிறுவுதிறன்' என்ற சொல்லும் சாதாரணமானதல்ல. இவ்வளவு மெகாவாட் என்றால் இவ்வளவு மின்சாரம் வந்தது என்று பொருளில்லை, இவ்வளவு வரக்கூடும் என்றுதான் பொருள். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்தபோது ஜப்பானில் 54 உலைகள் இருந்தன. 2013 செப்டம்பர் தொடங்கி 2015 ஆகஸ்ட் வரை அந்நாட்டில் ஒரு உலைகூட ஓடவில்லை. ஆனால் அக்காலத்துச் சர்வதேசப் பட்டியல்களில் ஜப்பான் உலகின் மூன்றாவது பெரிய அணுமின் நாடாகவே நீடித்தது. அவ்வளவு தூரம் போவானேன். ராஜஸ்தானின் ராவத்பாட்டாவில் 1973இல் தொடங்கிய முதல் உலை 220 மெகாவாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது, கோளாறுகளால் 100 ஆகக் குறைக்கப்பட்டது, 2004இல் நின்றேபோனது. அதற்குப் பிறகும் பல வருஷங்கள் அந்த 100 மெகாவாட் நமது அரசுப் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. செத்தவர் பேரு ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி.

*

இலக்கணத்துக்கு வருவோம். பட்டியலின் ஒவ்வொரு வரியையும் வாக்கியமாக விரித்தால் 'பிரான்ஸ் தயாரிக்கிறது', 'சீனா வளர்கிறது', 'இந்தியா முன்னேறுகிறது' என்று வரும். எழுவாய் எப்போதும் நாடு. பயனிலை எப்போதும் வளர்ச்சி. செயப்படுபொருளுக்கு இடமே கிடையாது. வளர்தல் என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. கட்டுதல், வெட்டுதல், அகற்றுதல், சூடாக்குதல் என்று சொல்லியிருந்தால் எதை, யாரை என்ற கேள்வி வந்தே தீரும். வளர்தல் என்றுவிட்டால் செடி வளர்கிற மாதிரி, பிள்ளை வளர்கிற மாதிரி இயற்கையாகிவிடுகிறது. அதை மறிக்கிறவன் செடியைப் பிடுங்குகிறவன் ஆகிவிடுகிறான்.

நாட்டை எழுவாயாக்குவது எப்போது தொடங்கியது? 1953 டிசம்பரில் ஐசன்ஹோவர் ஐ.நா. சபையில் 'அமைதிக்கான அணு' பற்றிப் பேசினார். 1954 ஜூனில் சோவியத் ஒன்றியம் ஓப்னின்ஸ்க் நகரில் 5 மெகாவாட் உலையை மின்தொடரில் இணைத்தது. 1956 அக்டோபரில் இங்கிலாந்தின் கால்டர் ஹால் நிலையத்தை எலிசபெத் ராணி திறந்துவைத்தார். பட்டியல்கள் இந்த ஆண்டுகளிலிருந்துதான் தொடங்குகின்றன, ஏதோ மின்சாரத்துக்காகவே அணுவைப் பிளந்த மாதிரி. கால்டர் ஹாலின் முதன்மை வேலை அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிப்பது. மின்சாரம் உபரி. முதல் மூன்று வரிசைகளில் நிற்கும் நாடுகள் எல்லாம் குண்டு வைத்திருக்கும் நாடுகளாகவே இருந்தது தற்செயலன்று. அந்தப் பத்தி பொது அறிவு நூலில் வேறு பக்கத்தில், 'பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ் வரும்.

பிரான்சின் கதை வேறு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974 மார்ச்சில் பிரதமர் மெஸ்மெர் ஒரு திட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்ற விவாதம் இல்லாமலே ஒரு நாட்டின் மின்சாரம் அணுவுக்கு மாறியது. பதினைந்து வருஷத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உலைகள். இவ்வளவு வேகமாக வேறெந்த ஜனநாயக நாடும் கட்டியதில்லை. இதைச் சாதனையாகப் படிக்கலாம், ஜனநாயகம் பின்வாசல் வழியாக வெளியேற்றப்பட்டதாகவும் படிக்கலாம். கரி அதிகம் எரிக்காத மின்சாரம் பிரான்சுக்குக் கிடைத்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை.

எழுவாய்க்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது காலம். அணுமின் சொல்லாடலின் வினைமுற்று எதிர்காலத்தில்தான் முடியும். 1974இல் சர்வதேச அணுசக்தி முகமை 2000ஆம் ஆண்டில் உலகின் அணுமின் திறன் 44.5 லட்சம் மெகாவாட் வரை போகும் என்று கணித்தது. 2000 வந்தபோது இருந்தது சுமார் 3.5 லட்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியாவின் எதிர்காலங்கள் இன்னும் சுவாரஸ்யமானவை. 1950களில் பேசப்பட்டது 1980க்குள் 8,000 மெகாவாட். 1980இல் தாராப்பூர், ராவத்பாட்டா எல்லாம் சேர்த்து எழுநூறைத் தொடவில்லை. 1960களின் இறுதியில் பேசப்பட்டது 2000க்குள் 43,000க்கும் மேல். 1984இல் அது 2000க்குள் 10,000 என்று இறங்கியது. 2000இல் இருந்தது மூவாயிரத்துக்கும் கீழ். பிறகு 2020க்குள் 20,000. 2020இல் இருந்தது 6,780. பிறகு 2032க்குள் 63,000. அதுவும் 22,480 ஆகச் சுருங்கியது. 2025 பட்ஜெட்டில் 2047க்குள் ஒரு லட்சம் என்று வந்திருக்கிறது. 2025 நடுவில் கையிலிருந்தது 8,900க்கும் கீழ்.

1974இல் பொக்ரானில் குண்டு வெடித்ததும் கனடாவும் அமெரிக்காவும் கதவைச் சாத்திவிட்டன, யுரேனியமும் கருவிகளும் கிடைக்கவில்லை, அதனால்தான் சுணக்கம் என்று அணுசக்தித் துறை சொல்லும். அதில் உண்மை உண்டு. ஆனால் கல்பாக்கத்தின் ஈனுலைக்கு எந்த நாடும் கதவைச் சாத்தவில்லை. 2004இல் தொடங்கிய 500 மெகாவாட் வேலை 2010இல் முடிந்திருக்க வேண்டும். உலையின் மையத்தை நிரப்பும் வேலை 2024 மார்ச்சில்தான் பிரதமர் முன்னிலையில் தொடங்கிவைக்கப்பட்டது. பின்தங்கியதற்காகத் துறையைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல. குறைவாகக் கட்டியிருந்தால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. நான் சொல்ல வருவது, நிறைவேறாத எதிர்காலம் ஒவ்வொன்றும் அடுத்த எதிர்காலத்துக்கான வாதமாக மாற்றப்படுகிறது என்பதைத்தான். 'இவ்வளவு பின்தங்கிவிட்டோம், ஆகவே இன்னும் வேகமாக...' தோல்வியே எரிபொருளாகிற ஈனுலை இந்தச் சொல்லாடல்.

*

தேர்வு நூல் பட்டியலில் இல்லாத வரிகளையும் வாசிக்க வேண்டும். ஆஸ்திரியாவில் ஸ்வென்டன்டார்ஃப் என்ற ஊரில் உலை முழுக்கக் கட்டி முடிக்கப்பட்டது. 1978 நவம்பர் 5 அன்று பொது வாக்கெடுப்பு. ஐம்பதரை விழுக்காட்டளவில் 'வேண்டாம்' என்றார்கள். உலை ஒரு நாள்கூட ஓடவில்லை. பிலிப்பைன்சில் மார்கோஸ் காலத்தில் கட்டிய 621 மெகாவாட் பத்தான் நிலையம் 1986இல் மார்கோஸ் விரட்டப்பட்ட பிறகு திறக்கப்படவே இல்லை. அதற்கான கடனை மட்டும் 2007 வரை அந்நாட்டு மக்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தாலி 1987இலும் 2011இலும் இரண்டு முறை வாக்களித்து மறுத்தது. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று உலைகளை நிறுத்தியது. நம் பக்கத்தில் கேரளத்தின் பெரிங்ஙோம், மேற்கு வங்கத்தின் ஹரிப்பூர் இரண்டிலும் மக்கள் எதிர்ப்பால் திட்டம் கைவிடப்பட்டது. பட்டியலில் இவையெல்லாம் பூஜ்யம் அல்லது வெற்றிடம். வளராத நாடுகள், வளராத ஊர்கள். 'வேண்டாம்' என்று ஒரு சமூகம் பேசி எடுத்த முடிவு, முடியாமை என்பதாகப் பதிவாகிறது.

ஜெர்மனி உதாரணத்தைக் கையில் எடுத்து ஆடுகிற நண்பர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. உலைகளை மூடிய நாடு பழுப்பு நிலக்கரியை எரித்துக்கொண்டிருந்தது. புவி சூடேறும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல. கொதிகலன் செய்யும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நிலக்கரி பரிசுத்தமானது என்று நான் சொன்னால் பொன்மலையில் சிரிப்பார்கள்.

*

இனி நம்ம ஊர் விஷயம். பொன்மலைக்கும் திருவெறும்பூருக்கும் நடுவே சில மைல்தான். திருவெறும்பூரில் 1960களில் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்போடு வந்த பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை இந்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கு மட்டுமல்ல, அணுமின் நிலையங்களுக்கும் நீராவி உற்பத்திக் கலன்களைச் செய்து அனுப்பியிருக்கிறது. உலையில் சூடான கனநீர் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் ஓடும். குழாய்களுக்கு வெளியே இருக்கும் சாதாரண நீர் கொதித்து ஆவியாகும். ஆவி டர்பைனைச் சுற்றும். ஒரு குழாய் விரிசல் விட்டாலும் இந்தப் பக்கத்துக் கதிரியக்கம் அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு வெல்டும் எக்ஸ்ரே பார்க்கப்பட்டு, திருப்பிப் பார்க்கப்பட்டு, கையெழுத்திடப்படும். 'இந்தியா தயாரிக்கிறது' என்ற வாக்கியத்தின் உள்ளே இருப்பது இந்தக் கை. இலக்கணத்தில் இதற்குப் பெயர் தோன்றா எழுவாய். வினையைச் செய்கிறவன் அவன்தான், வாக்கியத்தில் அவன் தென்படமாட்டான்.

நீராவி எஞ்சின் ஊரில் வளர்ந்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அணு உலை அவனை மிரட்டாது. அணுவைப் பிளந்தாலும் கடைசியில் செய்வது வெந்நீர் வைப்பதுதான். ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் பொன்மலைப் பணிமனையில்தான் செய்தார்கள். எஞ்சினில் போட்ட எரிபொருளின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போகாது, மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாகப் போய்விடும் என்பது இங்கே ஃபயர்மேன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. அணு உலை அதைவிடத் தேவலை. ஆனாலும் கணக்கு இருக்கிறது. கூடங்குளத்தின் ஒரு உலை 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி அதில் 1,000 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறது. மிச்சம் 2,000 மெகாவாட் எங்கே போகிறது? கடலுக்கு. பட்டியலில் அச்சாகிற '1,000' என்பது மூன்றில் ஒரு பங்கு. அச்சாகாத இரண்டு பங்கை மன்னார் வளைகுடா நீர் வாங்கிக்கொள்கிறது. அந்த நீரில் வலை போடுகிறவர்கள் இடிந்தகரைக்காரர்கள்.

நிலக்கரி நிலையமும் இதைப் போலத்தான் வெப்பத்தைக் கொட்டுகிறது, தூத்துக்குடியில் கொட்டவில்லையா என்று கேட்கலாம். கொட்டுகிறது. மீனவன் அதையும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். பட்டியலில் அதற்கும் கட்டமில்லை என்பது என் வாதத்துக்கு வலுத்தான் சேர்க்கிறது. செயப்படுபொருள் எங்கே என்று கேட்டோமே, அது இங்கே இருக்கிறது.

1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் கொர்பசேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். செர்னோபில் வெடித்து இரண்டரை வருஷம்தான் ஆகியிருந்தது. சோவியத் ஒன்றியம் மறைந்தது, திட்டம் மறையவில்லை. 2011 ஆகஸ்டில், ஃபுகுஷிமாவுக்குச் சில மாதங்கள் கழித்து, இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னே பந்தல் எழுந்தது. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. அன்றே மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. 2013 மே 6இல் உச்சநீதிமன்றம் உலை இயங்கத் தடையில்லை என்றது. அக்டோபரில் முதல் உலை மின்தொடரில் இணைந்தது. தேசத்துரோகம் என்ற வழக்குப் பிரிவைப் பட்டியலின் இலக்கணத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். வாக்கியத்தின் எழுவாய் நாடு என்றான பிறகு அதை மறுக்கிறவன் வேறெப்படி அழைக்கப்பட முடியும்?

அந்த 2012இல் திருச்சியில் பகலும் இரவுமாகப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. திருவெறும்பூரைச் சுற்றி பெல் ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் நொடித்துக்கொண்டிருந்தன. ஆர்மரி கேட் டீக்கடையில் எனக்கும் அப்படியொரு பட்டறையில் வெல்டராக இருந்த நண்பனுக்கும் தினம் வாக்குவாதம்.

"அண்ணே, இடிந்தகரக்காரன் தனக்குக் கடல் வேணும்கிறான், சரி. எனக்கு கரண்ட் வேணும். மெஷின் ஓடலேன்னா எனக்குக் கூலி இல்ல. நான் எந்தக் கோயில் வாசல்ல போயி ஒக்கார்றது?"

"உன் கரண்ட்டுக்காகத்தான் அவனை அடிக்கிறாங்கன்னு நினைக்கிறியா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா ரெண்டுல ஒண்ணுதான்னு பேப்பர்லயும் டிவிலயும் சொல்றான். நீங்க வேற எதாச்சும் வழி சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவன் கேட்டதில் தப்பில்லை. மின்வெட்டையும் கூடங்குளத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது அவனல்ல. பின்னால் நடந்ததைப் பார்த்தால், மின்வெட்டு தளர்ந்ததற்குக் கூடங்குளம் ஒரு காரணம்தான். 2013 கடைசி நாளில் தென்னகத்து மின்தொடர் நாட்டின் மற்ற பகுதியோடு முழுமையாக இணைந்தது, புதிய அனல்மின் நிலையங்கள் வந்தன, காற்றாலையோடு சூரிய மின்சாரமும் சேர்ந்தது. கூடங்குளத்தின் முதல் உலை வணிக முறையில் இயங்கத் தொடங்கியதே 2014 டிசம்பர் 31இல்தான். ஆனால் 2012இல் அவன் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய நிலையில் தொழிலாளர் பக்கத்துப் பேச்சு இருந்ததா என்பதுதான் எனக்கு முக்கியமான பிரச்சினை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

*

பொன்மலை சாதாரண ஊரல்ல. இந்த ஊரே ஒரு 'வளர்ச்சி'யில் பிறந்தது. நாகப்பட்டினத்துப் பணிமனையை இங்கே மாற்றியபோது நடந்த ஆட்குறைப்பை எதிர்த்துத்தான் 1928இன் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். சிங்காரவேலர் சிறை சென்றது அதற்காக. 1946 செப்டம்பர் 5 அன்று சங்கத்திடலில் மலபார் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். 'ரயில்வே வளர்ந்தது' என்ற வாக்கியத்துக்குள் ஒளிந்திருந்த எழுவாயை வெளியே இழுத்துப்போட்ட ஊர் இது. இப்படிப்பட்ட மரபு அணுமின் விஷயத்தில் ஏன் மௌனமாயிற்று?

மின்மயமாக்கலைப் புரட்சியின் பாதியாகவே எண்ணிய லெனினின் வாரிசுகள் நாம். அணைக்கட்டும் எஃகாலையும் மின்நிலையமும் நமக்கு முற்போக்கின் குறியீடுகள். உலை யாருடையது என்று கேட்டோமே தவிர உலை என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. மகாராஷ்டிரத்தின் ஜெய்தாபூரில் பிரெஞ்சு அரேவா நிறுவனத்தின் உலைகளை எதிர்த்த மார்க்சிஸ்ட் கட்சி, கூடங்குளத்தின் முதல் இரண்டு ரஷ்ய உலைகள் விஷயத்தில் அதே கறாரைக் காட்டவில்லை. பாதுகாப்பை உறுதிசெய்துவிட்டு இயக்கலாம் என்பதே அதன் நிலைப்பாடாயிருந்தது. கட்சியின் மூத்த தலைவர் அச்சுதானந்தன் 2012 செப்டம்பரில் இடிந்தகரைக்குப் புறப்பட்டு வந்தபோது களியக்காவிளையில் போலீஸ் தடுத்து நிறுத்தியது. அவருடைய கட்சிக்கே அவருடைய பயணம் சங்கடமாயிருந்தது. ஏகாதிபத்திய உலை, நட்பு நாட்டு உலை என்று யுரேனியத்துக்குத் தெரியுமா என்ன?

தொழிலாளர் நிலையிலிருந்து அணுவைப் பேச முடியாது என்பதில்லை. கல்பாக்கத்தில் அப்படிப் பேசியிருக்கிறார்கள். 2003 ஜனவரியில் அங்கே எரிந்த எரிபொருளை மறுசெயலாக்கும் ஆலையில் ஆறு தொழிலாளர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பாதுகாப்புக்கென்று ஒரு குழு வேண்டும், அதற்கு முழுநேர அதிகாரி வேண்டும் என்று அங்கிருந்த ஊழியர் சங்கம் நிர்வாகத்துக்கு எழுதியது, வேலைநிறுத்தமும் செய்தது. மாதங்கள் கழித்துச் செய்தி வெளியே கசிந்தபோது அதற்கு ஆதாரமாக இருந்தது சங்கத்தின் கடிதங்கள்தான். துறை தானாக முன்வந்து சொல்லவில்லை. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்லாமலிருக்கும் உரிமையை அரசுக்குத் தாராளமாக வழங்கியிருந்தது. அந்தச் சட்டத்தையும், உலை விற்கும் நிறுவனத்தை விபத்துப் பொறுப்புக்குள் ஓரளவு இழுத்த 2010 சட்டத்தையும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒருசேர அகற்றிவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. தனியாருக்குக் கதவு திறந்தது. விற்பவர் மேலிருந்த பொறுப்பு கழற்றப்பட்டது. இனிமேல் பட்டியலின் இடப்பக்கத்தில் நாடு என்று அச்சாகியிருக்கும் இடத்தில் எந்தக் கம்பெனியின் பெயரைப் படிப்பது என்று தேர்வு நூல்காரர்கள் யோசிக்க வேண்டிவரும்.

கல்பாக்கத்து ஊழியர் சங்கத்தின் கடிதம் எனக்கு இடிந்தகரைப் பந்தல் அளவுக்கே முக்கியமான பிரதி. பந்தல் வெளியிலிருந்து கேட்டது, கடிதம் உள்ளேயிருந்து கேட்டது. இரண்டும் கேட்டது ஒன்றையே: எங்களுக்கு என்ன நடக்கிறது என்று எங்களிடம் சொல். திருவெறும்பூர் வெல்டரும் இடிந்தகரை மீனவரும் எதிரெதிரே நிறுத்தப்பட்ட 2012இல், இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்து வைக்கத் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கங்களிடம் ஒரு மொழி இருக்கவில்லை. சூழலியல் இயக்கங்களிடமும் இருக்கவில்லை. அவர்கள் வெல்டரின் கூலியைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. 'வளர்ச்சி'க்கு எதிராக 'இயற்கை' என்று இன்னொரு பெரிய எழுவாயை நிறுத்தியதோடு பலர் நின்றுவிட்டார்கள்.

மாணவிக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. கேள்வியில் 'உற்பத்தி' என்றிருந்தால் அமெரிக்கா, 'பங்கு' அல்லது 'விழுக்காடு' என்றிருந்தால் பிரான்ஸ் என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். மார்க் வாங்க அது போதும். பிறகு மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, பட்டியலுக்கு வலப்பக்கம் நோட்டில் கூடுதலாகச் சில பத்திகள் போட்டுப் பார்த்தோம். உலை கடலுக்கோ ஆற்றுக்கோ விடும் வெப்பம். மக்களிடம் வாக்கெடுப்பு நடந்ததா. ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர். எரிந்து முடிந்த எரிபொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது. முதல் பத்தியை எங்களால் நிரப்ப முடிந்தது, திறனை மூன்றால் பெருக்கி, திறனைக் கழித்தால் ஏறக்குறைய வந்துவிடும். இரண்டாவதில் ஆஸ்திரியா, இத்தாலி என்று சில பெயர்கள் வந்தன. மூன்றாவது காலியாக நின்றது.

நான்காவதில் கூடங்குளத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று கேட்டார்கள். எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கத் தனிக் கிடங்கு அமைக்க வேண்டும் என்று 2013 தீர்ப்பிலேயே உச்சநீதிமன்றம் சொல்லி ஐந்து வருஷ அவகாசம் கொடுத்தது. 2018இல் அவகாசம் நீட்டிக்கப்பட்டது. கிடங்குக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 2019 ஜூலை 10 என்று தேதி குறித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். இதற்கிடையே மூன்றாவது, நான்காவது உலைகளுக்கு 2017இலும், ஐந்தாவது, ஆறாவது உலைகளுக்கு 2021இலும் கான்கிரீட் போட்டாயிற்று. 'தள்ளிவைக்கப்பட்டது' என்று அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டார்கள்.